கம்பைக் கண்டு பாய்ந்த நாய்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சிலர் கம்பால் அடித்துக்கொண்டிருந்த நாயை என் கணவர் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் மகள் வள்ளியோடு அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் காயவைத்த நெல்லைக் கொத்திய கோழியை விரட்ட வள்ளி கம்பை ஓங்கினாள். சட்டென்று நாய் அவள் கைமேல் பாய்ந்தது. கண்ணாடி வளையல்கள் நொறுங்கி ரத்தம் வழிந்தது. நாய் கடித்துவிட்டது என்றே நினைத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"தொப்புள்ல ஊசி போடுவாங்களாம்மா?" என்று வழியெல்லாம் அழுதாள்.

டாக்டர் கழுவிப் பார்த்தார். "பல்லு படவே இல்லம்மா. வளையல்தான் கீறியிருக்கு" என்றார்.

"அடிபட்ட நாய், மே. கம்பப் பாத்ததும் பயந்துகீது" என்றார், வீடு திரும்பியதும் விஷயத்தைக் கேட்ட கணவர்.

இப்போது நாயின் எதிரில் யாரும் கம்பை எடுப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தால் கருவாட்டுத் துண்டு கொடுத்தே பழக்குகிறோம். வள்ளியை அதனோடு தனியே விடும் துணிச்சல் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.