வாடை வந்த வழி

செம்பூர் வரைக்கும் சரக்குப் போகும் நாற்காலி வாடகைக் கடை, அதற்கு ஒரு கிடங்கு, பம்பாய்த் தாராவியில் செங்கல் வைத்துக் கட்டிய மாடி வீடு, பந்தல் சாமான் ஏற்றிப் போகச் சொந்த லாரி. எல்லாம் நான் உண்டாக்கியது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எவனும் கை கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் அது பொய். ஆனால் இத்தனையையும் விடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். அதை வேறொருவர் செய்ததாக அச்சடித்துவிட்டார்கள்.

உலகச் சண்டை முடிந்த வருஷம். மாதுங்காவில் ஒரு தமிழ்ச் சபை வருஷா வருஷம் பந்தல் போட்டு நாடகம் நடத்தும். நாற்காலி முழுக்க என்னுடையது. அன்று நான் குளித்து, சலவை வேட்டி கட்டி, டிக்கெட் வாங்கி முன்பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். வெற்றிலைப் பெட்டியைக்கூட என் பக்கம் நீட்டினார்.

"ஊர் எது?"

"திருநெல்வேலிப் பக்கம்."

"பேஷ். இங்கே ஜாகை எங்கே?"

"தாராவி."

பெட்டி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மேல்துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர் வைத்தார். பிறகு வரிசையே வைத்தது. "தோல் வாடை" என்றாள் ஓர் அம்மாள். தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்த்தவன்தான் நான். அதில் எனக்கு வெட்கமில்லை, அவர்கள் காலில் கிடந்த செருப்பும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. வெற்றிலை நீட்டும் வரைக்கும் வராத வாடை, தாராவி என்றதும் வந்துவிட்டது.

சபையின் செயலாளர் வந்தார்.

"சித்த பின்னாடி போய் உக்காந்துக்கோங்கோ. தாராவிக்காராளுக்குன்னு பெஞ்சு போட்டிருக்கு."

"இந்த நாற்காலியே என்னோடதுங்க."

"நாற்காலி உங்களோடது. இடம் சபையோடது."

வரிசை முழுக்கச் சிரித்தது.

பின் பெஞ்சில் உட்கார்ந்து நான் நாடகம் பார்க்கவில்லை, துண்டுகளைப் பார்த்தேன். முதல் துண்டுதான் என்னைப் பார்த்து எழுந்தது. மற்றதெல்லாம் துண்டைப் பார்த்து எழுந்த துண்டு. பி.ஏ. படித்தவனும் பக்கத்து ஆளின் மூக்கால்தான் மோந்து பார்க்கிறான் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். அந்த மூக்கைக் கொண்டே செயலாளரை அடிக்க வேண்டும் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன்.

மறு வருஷம் தாராவிப் பையன்கள் சிலருக்கு வெள்ளை வேட்டியும் துண்டும் டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்துச் சொன்னேன்.

"ஒருத்தன் பக்கத்துல ஒருத்தன் உக்காரப்படாது. ஜாகை எங்கன்னு கேட்டா மாதுங்கா ஸ்டேஷன் பக்கம்னு சொல்லணும். செயலாளர் கிட்ட வரும்போது துண்டை மூக்குல வைங்க. வாடைன்னு நீங்க வாயைத் தொறக்கப்படாது."

"சிரிப்பு வந்தா என்ன செய்ய, அண்ணாச்சி?"

"அதுக்குந்தாம்ல துண்டு."

செயலாளர் எல்லாரையும் வரவேற்றுக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவில் வந்தார். என் பையன்களின் துண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தது. பின்னாலேயே மாதுங்கா துண்டுகளும் எழுந்தன. "என்னமோ அழுகின நாத்தம் வரதே, உங்களுக்குத் தெரியலையா?" என்று புருஷனைக் கேட்டாள் ஒருத்தி. போன வருஷத்துக் குமாஸ்தாவும் மூக்கை மூடிக்கொண்டார். செயலாளர் தம் அங்கவஸ்திரத்தை மோந்தார். செருப்பைத் தூக்கிப் பார்த்தார். வெளியே போய் முகம் கழுவி, சட்டை மாற்றி வந்தார். அதற்குள் என் பையன்கள் துண்டை இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் இறக்கவில்லை. மனிதர் மேடை ஏறாமல் பந்தலுக்கு வெளியே போய் நின்றுவிட்டார். நானும் போனேன்.

"அய்யா, ஒங்க மேல ஒரு வாடையும் கெடையாது."

"பின்னே ஏன் எல்லாரும்..."

"போன வருசம் என் மேலயும் கெடையாது. வர்ற வருசம் அந்தப் பெஞ்சு கெடந்தா, துண்டும் வரும்."

அவர் முகம் போன போக்கு இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. பாவம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த வருஷம் தாராவிக்காரர் பெஞ்சு இல்லை. டிக்கெட் வாங்கியவன் எங்கேயும் உட்காரலாம் என்று ஆனது. நான் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

இப்போது சபை மலரில், செயலாளரின் பரந்த மனத்தால் அந்த வழக்கம் ஒழிந்தது என்று போட்டு, அவர் படத்தையும் போட்டிருக்கிறார்கள். பரந்த மனமாவது, பயந்த மனம். சபையார் அந்த வரியை எடுத்துவிட்டு, பெஞ்சைத் தூக்க வைத்தவன் தாராவி நாற்காலிக் கடைக்காரன் என்று அடுத்த மலரில் போட வேண்டும். என் படமும் வர வேண்டும். அவர் படத்தைவிடச் சின்னதாக இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.