பின்வாசலில் தங்கராசு இல்லம்

இந்த நாட்டில் ஒரு ஆண் ஒரு பெண்ணின் வீட்டுக்குக் குடிவந்தால், பெட்டியை இறக்குவதற்கு முன் கையெழுத்துப் போடுகிறான். போன வருடம் மார்ச் மாதம் என் கண்ணெதிரிலேயே நடந்தது. டென்னிஸ் இங்கிலாந்தில் இந்த லீட்ஸ் ஊரில் பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். நான் அதே ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டில் சேர்ந்து வாழலாம் என்று முடிவானதும், சொலிசிட்டர் என்று இங்கே சொல்லும் வக்கீலிடம் போனோம். 'இது இவருடைய வீடு, நான் எத்தனை வருடம் இருந்தாலும் இதில் பங்கு கேட்கமாட்டேன்' என்று எழுதிய தாளை அவர் டென்னிஸிடம் நீட்டினார். டென்னிஸ் முழுக்கப் படித்துவிட்டு, ஏதோ மெட்டை விசிலடித்தபடியே கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் பதறிப்போய், "ஸாரி லவ், தப்பான இடத்துல போட்டுட்டேனா?" என்றார். நான் அவமானப்பட்டுவிட்டதாக நினைத்த சொலிசிட்டர், எல்லாருக்கும் இதுதான் வழக்கம் என்று சமாதானம் சொன்னார். தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான், அதுவும் ஸ்ரீரங்கத்தில், பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் என்பதை இந்த இரண்டு நல்லவர்களுக்கும் எப்படிப் புரியவைப்பது?

மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் ஃபிட்டராக இருந்த அப்பா, ஒரே மகளான என் பெயரில் ஸ்ரீரங்கம் வடக்கு வாசலுக்கு வெளியே இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்றை வாங்கிப் பத்திரம் பதிந்து கொடுத்தார். எழுபத்து நாலில் எனக்குக் கல்யாணம் ஆனது. முசிறிக்காரரான தங்கராசு ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்குக் குடிவந்தார். ஆபீஸ் வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறு வருடம் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "வீட்டு வரி ரசீது உன் பேர்ல வருதுன்னு ஆபீஸ்ல கேலி பண்றானுங்க. பொண்டாட்டி வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கேனாம். என் பேருக்கு மாத்திக்கலாமா?"

"அதுக்கென்னங்க, மாத்திக்குங்க. ரெண்டு பேர் வீடுதானே?" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. பத்திரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மரியாதைக்காக ஆம்பளைக்குக் கொடுத்துவிடுவோம். நகராட்சி மனுவில் என் கையாலேயே கையெழுத்துப் போட்டேன். பிறகு கரண்ட் கனெக்‌ஷன் அவர் பெயருக்குப் போனது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று முதலிலிருந்தே அவர் பெயர்தான். கடைசியாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு முழ நீளப் பளிங்குக் கல்லில் 'தங்கராசு இல்லம்' என்று வெட்டிக்கொண்டு வந்தார். வாசல் சுவரில் அதைப் பதிக்கும்போது அவர் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஸ்டூலை உருவியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

எழுபத்தொன்பதில் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடித்து வந்தால், என் பெட்டியும் துணி மூட்டையும் தெருவில் கிடந்தன. உள்ளே வேறொரு பெண் இருந்தாள். "இது என் வீடு. நீ கிளம்பு" என்றார் தங்கராசு, வாசலிலேயே நின்றுகொண்டு. எதிர்வீட்டுச் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்னாலேயே ரசீதுகளை அடுக்கிக் காட்டியிருந்தார். "வரி அவர் பேர்ல, கரண்ட் அவர் பேர்ல, கார்டுல தலைவர் அவர். அனுசரிச்சுப் போங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அன்றைக்கு நான் ஒன்றே ஒன்றை முடிவு செய்தேன். இந்த ஆளை அனுசரிக்கப் போவதில்லை.

மேலப்புதூரில் பிலோமினா என்று ஒரு பெண் வக்கீல் இருந்தார், கிறிஸ்தவர். நான் அழுததையெல்லாம் கேட்டுவிட்டு, "பத்திரம் யார்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆற்றில் வெள்ளம் வந்த வருடம், நனைந்துவிடுமோ என்ற பயத்தில் அதை ஆஸ்பத்திரி லாக்கருக்கு எடுத்துப்போனவள் திருப்பிக் கொண்டுவர மறந்திருந்தேன். அதைக் கேட்டதும் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"வரி ரசீது வீட்டைத் தராதுங்க. ஆனா நீங்க இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போறேங்கிறீங்க. பன்னெண்டு வருஷம் யாரும் கேக்காம, தன் வீடு மாதிரியே இருந்துட்டேன்னு அந்த ஆள் கோர்ட்டுல சொல்ல இடம் குடுக்கக் கூடாது. அதனால வருஷா வருஷம் ஒரு ரிஜிஸ்தர் தபால் போடுங்க."

"என்னன்னு எழுதறது?"

"'என் வீட்டில் தங்கியிருக்க உங்களுக்கு அனுமதி தருகிறேன்'னு எழுதுங்க. அனுமதியோட இருக்கிறவன் எத்தனை வருஷம் இருந்தாலும் சொந்தக்காரன் ஆக முடியாது. நகலை வச்சுக்குங்க. அவர் கையெழுத்தோட திரும்பி வர்ற அட்டையைத் தொலைச்சிராதீங்க."

விவாகரத்தையும் அவரே வாங்கிக் கொடுத்தார். எண்பதில் விமானம் ஏறினேன். இங்கே ஜனவரியில் தபால் ஆபீஸ் வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது கொண்டாட்டமாக இருக்கும். 'தாங்கள் இவ்வருடமும் என் வீட்டில் தங்கியிருக்கலாம். சுவரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான் கடிதம். கவுண்டரில் இருக்கும் பெண் ஒவ்வொரு வருடமும், "கணவருக்கா? ஹவ் ஸ்வீட்!" என்பாள். ஆமாம் என்று தலையாட்டுவேன்.

முதல் கடிதத்தைத் தங்கராசு தெருவில் படித்துக்காட்டிச் சிரித்தாராம். சிரித்தவர், ஏன் ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போட்டு வாங்கினார்? எனக்குத் தெரியும். தபால்காரர் தெருமுனையிலிருந்தே "ஃபாரின் ரிஜிஸ்தர்!" என்று கூவிக்கொண்டு வருவார். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் எட்டிப் பார்க்கும். அந்தப் பெருமையை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப எங்கள் தெருவில் எவனுக்கும் மனம் வராது. ஆங்கிலத்தில் பெரிய சுழி போட்டு, என் விருந்தாளியாக எட்டு முறை கையெழுத்துப் போட்டார். எட்டு இளஞ்சிவப்பு அட்டைகளும் சமையலறை டிராயரில் இருந்தன. மனசு சரியில்லாத நாட்களில் எடுத்து வரிசையாகப் பரப்பிப் பார்ப்பேன்.

போன வருடம் அவர் வீட்டை விற்கக் கிளம்பினார். வாங்க வந்தவர் பத்திர ஆபீஸில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். வீடு என் பெயரில்தான் இருந்தது. உடனே தங்கராசுவிடமிருந்து ஒன்பது வருடத்தில் முதல் கடிதம் வந்தது. 'உன் கையெழுத்து ஒன்று போதும். பழசை எல்லாம் மறந்துவிடு.' மறப்பதா? நானும் உடனே பதில் எழுதினேன். 'தங்களுக்குக் கொடுத்த அனுமதி ஆடி மாதத்தோடு முடிகிறது.' அதையும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினார்! ஒன்பது அட்டைகளின் நகலோடு பிலோமினா நோட்டீஸ் அனுப்பினார். இதை வைத்துக்கொண்டு கேஸ் நடத்த முடியாது என்று தங்கராசுவின் வக்கீலே சொல்லிவிட்டாராம். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, அதே டிரங்குப் பெட்டியோடு முசிறி பஸ் பிடிக்கப் போனார் என்று பிலோமினா எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

பிலோமினாவிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். வாசல் கல்லை உடையாமல் பெயர்த்து அனுப்பச் சொல்லியிருந்தேன். ஊருக்குப் போய்வந்த ஒரு நர்ஸ், பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்தாள். இங்கே என் வீட்டுப் பின்வாசலில், தோட்டத்திலிருந்து ஏறிவரும் இடத்தில், எழுத்து மேலே தெரியும்படி அதைப் பதித்தேன். டென்னிஸ் சேறு படிந்த பூட்ஸோடு வந்து நின்று, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். "நல்வரவுன்னு எழுதியிருக்கு. காலை நல்லா தேயுங்க" என்றேன். தங்கராசுவின் பெயர் மேல் சேறு வழிவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு டீ குடித்தேன். அன்றைய டீ மாதிரி இந்த நாட்டில் நான் குடித்ததில்லை.

இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அங்கே ஸ்ரீரங்கத்தில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. சுவரில் கல் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதாம். இரண்டுக்கும் நான்தான் சொந்தக்காரி. மிதிப்பதற்கென்றே கடல் தாண்டி வரவழைத்த கல்தான் இது. ஆனால் ஒவ்வொரு முறையும் பின்வாசலுக்கு வரும்போது, தமிழ் எழுத்தின் மேல் வைக்க என் கால் மட்டும் மறுக்கிறது. இந்த வயதில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஆளின் பெயரைத் தாண்டித்தான் என் வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறேன்.