குறை நோட்டில் என் கால்

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய என்னை ஒரு துண்டை அமுக்கச் சொன்னார்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த சாதாரணத் துண்டு. அதைக் காலால் அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். நான் நாலு எண்ணுவதற்குள் தொடை நடுங்கியது. ஆத்திரமாக வந்தது. துண்டு மேல் என்ன ஆத்திரம் என்று கேட்காதீர்கள், வந்தது.

மண்டகப்பட்டு ஸ்டாப்பில் முன்கண்ணாடியைத் துடைக்க இறங்கியபோது ஒரு பைக் வந்து இடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, உள்ளே தகடும் திருகும் வைத்துத் தைத்தார்கள். போனது இடது கால். கிளட்ச் அமுக்குகிற கால்.

ஆறு மாதம் மெடிக்கல் லீவு. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. ஆஸ்பத்திரி ஜன்னலில் மலைமேல் ராஜகிரிக் கோட்டை தெரியும். மனிதர்கள் படியேறிப் போவது எறும்பு மாதிரி தெரியும். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு கட்டிலில் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா. தொண்டூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். குண்டானைத் தூக்கும்போது தோளில் சதை கிழிந்து அவரும் லீவில் இருந்தார். கையைத் தொட்டாலே கத்துவார்.

"ஐயோ மேடம், உசிரு போவுது! உட்ருங்க, நாளைக்கு பாத்துக்கலாம்!"

பிசியோதெரபி மேடத்துக்கு என் மகள் வயது இருக்கும். அந்த அம்மா கத்தினால் உடனே நிறுத்துவார். எடையைக் குறைப்பார். அட்டையில் ஏதோ எழுதுவார். எனக்கு அந்த அம்மாவைக் கண்டாலே எரிச்சல். இப்படி நடித்தால் எப்போது வேலைக்குப் போவது என்று மனதுக்குள் திட்டுவேன்.

மேடம் என்னிடம் வந்து, "பத்துக்கு எவ்ளோ வலி சார்?" என்பார்.

"ஒண்ணும் இல்ல மேடம். நல்லா இருக்குது."

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பணிமனையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறை நோட்டு உண்டு. டியூட்டி முடிந்ததும் வண்டியில் என்ன கோளாறு என்று டிரைவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எழுத மாட்டோம். எழுதினால் வண்டியை ஷெட்டில் போட்டுவிடுவார்கள், மறுநாள் நமக்கு வண்டி இருக்காது, மேலாளர் நம்மையே முறைப்பார். அதனால் நோட்டில் 'ஓ.கே.' என்று எழுதிவிட்டு, மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பிரேக் கொஞ்சம் லேட்டாகப் பிடிக்கிறது என்போம். அவரும் சத்தமில்லாமல் சரி செய்துவிடுவார். இருபத்திரண்டு வருடம் நான் ஓ.கே. தவிர வேறொன்றும் எழுதியதில்லை.

காலுக்கும் அதையே செய்தேன். குறை சொன்னால் லீவு நீளும். லீவு நீண்டால் இவன் ஸ்டியரிங் பிடிக்க லாயக்கில்லை என்று எழுதி, கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் குறிக்கிற வேலையைக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு அப்படிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் நாற்காலியைத் தாண்டி வண்டியை ஓட்டிப் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த நாற்காலி எனக்கு வரக் கூடாது. அது ஒன்றுதான் அந்த ஆறு மாதமும் என் தலைக்குள் ஓடியது.

வலி இல்லை என்கிறாரே என்று மேடம் மணல் மூட்டையின் எடையைக் கூட்டினார். படியேறச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். வீட்டுக்கு வந்தால் முழங்கால் பூரி மாதிரி உப்பியிருக்கும். மனைவி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னாங்க இது, இவ்ளோ வீங்கியிருக்குது. மேடம்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன், சொன்னேன்."

அவளிடமும் ஓ.கே.தான். இந்த ஆஸ்பத்திரியில் டீ வாங்கிக் கொடுத்துத் தனியாகச் சொல்ல ஒரு மெக்கானிக் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

லீவு முடியும் வாரம் மருத்துவக் குழுவுக்கு முன்னால் போய் நின்றேன். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், எலும்பு சேர்ந்திருந்தது. என் அட்டையைப் புரட்டினார். வரிசையாக 'வலி இல்லை, வலி இல்லை' என்று மேடத்தின் கையெழுத்து. நொண்டாமல் நடந்து காட்டினேன். உட்கார்ந்து எழுந்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததை இருமல் மாதிரி சமாளித்தேன். வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பணிமனையில் என் பழைய வண்டியையே கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். மெக்கானிக் முன்னால் நின்று கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்ஜினைப் போட்டு, கிளட்சை அமுக்கினேன். பாதி போனது. மீதிக்கு முழங்காலுக்குள் கத்தி வைத்த மாதிரி இருந்தது. எப்படியோ அமுக்கி முதல் கியரைத் தள்ளினேன். கால் நடுங்கி, என்னைக் கேட்காமலே நழுவியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மெக்கானிக் வாளியைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்திருந்தார். ஒரு நொடி தாமதித்திருந்தால் ஆள் இல்லை.

அவர் என் ஜன்னல் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரிக்கப் பார்த்தார்.

"இன்னா டிரைவரே, கிளட்ச்சு டைட்டா இருக்குதா? நான் லூஸ் பண்ணி உட்டுர்றேன். நோட்டுல எதுவும் எழுதிடாத."

கிளட்ச் சரியாகத்தான் இருந்தது. வெளியே பஸ் ஸ்டாண்டில் இந்த வண்டிக்காக ஐம்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப் பேர். நோட்டை வாங்கினேன். 'வண்டியில் குறை இல்லை. ஓட்டுநரின் இடது காலில் வலி. கிளட்ச் அமுக்க முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெக்கானிக் அதைப் படித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

என் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். கேட்டில் நின்ற என்னைத் தாண்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டில் காலி. அந்தச் சத்துணவு அம்மா தோள் சரியாகி, முந்தாநாளே சமையலுக்குத் திரும்பிவிட்டாராம். மேடம் என் பேன்ட்டைச் சுருட்டி, வீங்கிய முழங்காலை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு புது அட்டையை எடுத்தார், துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தார்.

"பத்துக்கு எவ்ளோ சார்?"

"ஒம்பது மேடம்" என்றேன். சொன்னதுதான் தாமதம், அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதுவிட்டேன். அவர் ஒன்பது என்று எழுதினார்.