நாகராசு அண்ணன் வாங்கிய வெற்றிலை

ஆலங்குடிப் பக்கம் ஒரு திருவிழாவில் தவில் வாசிக்கும்போது என் வலது கை விரல் வெடித்து ரத்தம் கசிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நாயனம் வாசித்த நாகராசு அண்ணன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அடுத்த பாட்டை எடுக்காமல் ராகத்தை இழுக்க ஆரம்பித்தார். ராகம் போகிற வரைக்கும் தவிலுக்கு வேலை கிடையாது. நான் துணி சுற்றி முடிக்கிறவரை இழுத்தார். "என்னங்க, ஆட்டத்துக்கு அடி வேணுமே" என்று ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, "இன்னைக்கு எனக்கு இப்புடித்தாங்க வருது" என்றார்.

அவருக்கு ஊர் அன்னவாசல் பக்கம். எங்கள் நையாண்டி மேளத்துக்கு அவர்தான் தலை. வேனில் ஏறியதும் அவர் திருநீறு பூசுவார். நான் மாதா கோவில்காரன், சிலுவை போட்டுக்கொள்வேன். தையிலிருந்து ஆடி வரை ஊர் ஊராகப் போவோம். ஐப்பசி மழைக்கு வீட்டில் முடங்குவோம். அப்போது அவர் பேச்சு ஒன்றுதான். "எத்தனை ஊருச் சோறு தின்னுருக்கோம் ஜெரால்டு. ஆக்கிப்போட்டவங்க பேரு கூடத் தெரியாது. அவங்களுக்கும் சேத்துத்தான் கும்புட்டுட்டுப் படுக்குறது."

முன்பற்கள் விழுந்தபின் வாசிப்பு சிரமமானது. பல்செட்டு வைத்தால் வாயில் வைக்கிற சீவாளி நழுவியது. கழற்றினால் மேல் சுரம் நிற்கவில்லை. போன வருசம் ஆவணியில் அவரே எங்களைக் கூப்பிட்டு, இரண்டாவது நாயனம் வாசிக்கும் அருண்குமார்தான் இனித் தலை, வெற்றிலையும் அவர்தான் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

விசயதசமி அன்று ஊர்க்காரர்கள் அண்ணன் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவார்கள். யார் கை வாங்குகிறதோ அவர்தான் திருவிழாவில் சாமி முன்னால் முதல் பாட்டு வாசிக்கவேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது.

போன விசயதசமிக்குக் கறம்பக்குடிக்கு அங்கிட்டு ஒரு ஊரிலிருந்து வந்தார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசிக்கிற அம்மன் கோவில். வந்த பெரியவர் பழக்கத்தில் தட்டை அண்ணனிடமே நீட்டினார். இவர் கையும் பழக்கத்தில் போய்விட்டது. வாங்கிக் கண்ணில் ஒற்றிய பிறகுதான் நினைப்பு வந்தது.

அவர் சம்சாரம் சொர்ணவல்லி அண்ணி அடுப்படியிலிருந்து, "பல்லு டம்ளர்ல கெடக்கு, இவரு வெத்தலை வாங்குறாரு" என்றார்.

"நான் வாசிச்சுக்கிறேன் மாமா" என்றார் அருண்குமார்.

"வாங்குனது என் கை. நான்தான் ஊதணும்."

அதிலிருந்து மாசி வரை அவருக்கு நிம்மதி இல்லை. அம்மன் முன்னால் அபசுரம் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம். மேல் சுரம் அதிகம் வராத சின்னப் பாட்டாகத் தேடி எடுத்து, தினமும் கண்மாய்க்கரையில் ஊதிப் பார்த்தார். நானும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

திருவிழாவில் கரகம் கிளம்பும்போது பல்செட்டைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு வாசித்தார். நடுவில் ஓர் இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. நிறுத்தி மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். பாட்டு முடிந்ததும் நாயனத்தை உறையில் போட்டுவிட்டுத் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அருண்குமாருக்குப் பின்னால் போய் நின்றார்.

"என்னண்ணே, ஜால்ரா போட வந்துட்டீங்களா?" என்றது ஓர் அம்மா.

"வீட்டுல போட்டுப் பழக்கந்தான் ஆத்தா" என்றார்.

இந்தப் புரட்டாசியில் மூச்சிரைப்பு கூடிப் படுத்துவிட்டார். ஐப்பசி பிறக்கும்முன் போய்ச் சேர்ந்தார். விசயதசமிக்குச் சில நாள் முன்பு பார்க்கப் போயிருந்தேன். கிளம்பும்போது கூப்பிட்டு நிறுத்தினார்.

"அந்த ஊருக்காரங்க வருவாங்க ஜெரால்டு. வாசல்லயே நிப்பாட்டி, அருண்குமாருக்கிட்ட குடுக்கச் சொல்லிரு. உள்ள விட்டுறாத. நீட்டுனா வாங்கிருவேன்."