எங்களுக்கு விழுந்த கோலும் எங்கள் மொட்டையும்

சாமியிடம் வேண்டிக்கொள்ளும்போது விவரமாக வேண்டிக்கொள்ள வேண்டும். யாருக்கு, எதற்கு என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஊரில், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. அப்பா அவசரத்தில் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வந்ததால், நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுத் தலைகள் எல்லாம் ஆபத்தில் மாட்டிக்கொண்டன. அவற்றில் இடுப்பு வரை சடை தொங்கியது என் தலையில் மட்டும்தான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருந்தது எங்கள் ஊர். டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும். பெருமை பேச ஊருக்கு அதிகம் கிடையாது. ஒரு ஃபுட்பால் கிளப் மட்டும் இருந்தது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த யாரோ ஒருவர் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டுப் போக, அதைச் சுற்றி கிளப் முளைத்ததாகச் சொல்வார்கள். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பந்துக்குள் இருக்கும் பிளாடருக்குப் பஞ்சர் ஒட்டவும் காற்றடிக்கவும் வேறு ஆள் இல்லாததால் அவரையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். தன் வாழ்நாளில் அவர் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, கோல்கீப்பர். பந்து எங்கள் வீட்டில்தான் படுத்துத் தூங்கும். தோல் காய்ந்துவிடக் கூடாதென்று சித்தப்பா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். என் தலைக்கு வாங்கிய எண்ணெய் அது என்று அம்மா சண்டைக்கு நிற்பார்.

இத்தனை பேர் இருந்தும் கிளப் என்றால் சின்னதுரைதான். சித்தப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். சாப்பாடு பாதி நாள் எங்கள் வீட்டில்தான். வலது காலால் பந்தை நிறுத்திவிட்டு, எதையோ மறந்துவிட்டவர்போல ஒரு நிமிஷம் நிற்பார். எதிரில் இருப்பவன் ஏமாந்து அசைந்ததும் பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கும். அவர் காலுக்குப் பந்து வந்துவிட்டால் கோட்டுக்கு வெளியே நிற்கிற மொத்த ஊரும் "அடி சின்னத்தொர!" என்று கத்தும். ஆட்டத்தில் எந்தப் பக்கம் நம் பக்கம் என்று தெரியாத பெரியவர்கள்கூட அதைத் தப்பில்லாமல் கத்துவார்கள். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். பந்தின் வாரை இழுத்துக் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு, "பாப்பா கட்டுனாதான் கோலு வுழுவுது அண்ணி" என்று அம்மாவிடம் சொல்வார். அது உண்மை என்றே நான் நம்பியிருந்தேன்.

தா.பழூரில் நடந்த ஒரு போட்டியில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. சித்தப்பா அவரை முதுகில் சுமந்துகொண்டு வயல் வரப்பு வழியாகவே மெயின் ரோட்டுக்கு ஓடி, கிடைத்த லாரியில் ஏற்றித் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இனி நடப்பார், ஆடுவது சந்தேகம் என்று டாக்டர் சொன்ன சேதி ஊருக்கு வந்தது. அன்று சாயங்காலம் அப்பா கிளப் ஆட்களோடு செல்லியம்மன் கோவிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றி, "தாயீ, சின்னத்தொர காலு சரியாயி, மறுபடி அவன் ஒரு கோலு போட்டுட்டான்னா, எங்க வூட்ல அத்தன பேரும் முடி எறக்குறோம்" என்று நேர்ந்துகொண்டார். பக்கத்தில் நின்றவர்களும் உணர்ச்சிவசப்பட்டு, எங்களையும் சேத்துக்க தாயீ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் அம்மா ஒரு பிடி பிடித்தார். "ஒங்க முடி, தம்பி முடி, அது ஒங்க பாடு. எம்பொண்ணு முடிய எதுக்குங்க இழுத்து வுட்டீங்க?"

"அத்தன பேரும்னு வாயில வந்துட்டுது. குடுத்தத திருப்பியா வாங்க முடியும்?"

தன் முடியைப் பற்றி அம்மாவுக்குக் கவலையில்லை. கல்யாணமான பெண்கள் நுனியில் கொஞ்சம் கத்தரித்துப் பூமுடி கொடுத்தால் போதும். என்னைப் போன்ற சின்னப் பெண்ணுக்கு முழு மொட்டைதான். ஆனால் கால் கூடுவது நெடுநாள் சமாச்சாரம் என்று எல்லோரும் பேசிக்கொண்டதால் நான் அப்போது பயப்படவில்லை.

கால் கூடியது. மாவுக்கட்டைப் பிரித்து, கம்பை ஊன்றி, கம்பைப் போட்டுவிட்டு, மெதுவாக ஓடவும் ஆரம்பித்தார் சின்னதுரை. அந்தச் சமயத்தில்தான் அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையிலிருந்து ஆள் வந்தது. வேலை தருகிறோம், எங்கள் டீமுக்கு ஆட வேண்டும் என்றார்கள். அரியலூர் டீம் என்றால் எங்களுக்கு ஆகவே ஆகாது. அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடுவார்கள், வேனில் வந்து இறங்குவார்கள், தோற்றால் ரெஃப்ரியைக் குறை சொல்வார்கள். ஜெயித்தாலும் சொல்வார்கள்.

சின்னதுரை மிக்சரும் பூந்தியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். அப்பா, "போடா தம்பி. மாசமானா சம்பளம். இந்த ஊரு என்னத்தக் குடுத்துட்டுது ஒனக்கு?" என்றார். சித்தப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சின்னதுரை வெகுநேரம் காத்திருந்தார். சித்தப்பா வரவில்லை. மிக்சரை நான்தான் தின்றேன்.

அதன்பிறகு ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டீக்கடை பெஞ்சிலேயே அந்தக் கோடியில் ஒரு கட்சி, இந்தக் கோடியில் ஒரு கட்சி. பிள்ளைக்கு வேலை கிடைத்திருக்கிறது, எங்கே ஆடினாலும் அவன் நம்ம பையன்தானே என்பது ஒன்று. அதற்குத் தலைவர் அப்பா. நம்ம சோற்றைத் தின்றுவிட்டு அந்த ஊருக்குப் பந்து உதைக்கப் போனவன் துரோகி என்பது இன்னொன்று. அதற்குத் தலைவர் சித்தப்பா. இரண்டு கட்சித் தலைவர்களுக்கும் ஒரே அடுப்பில் சோறு பொங்கிப் போட்டு அம்மாவுக்கு அலுத்துப்போனது. ஒருநாள் சித்தப்பா கோபத்தில் சுவரில் மாட்டியிருந்த கிளப் போட்டோவைத் திருப்பி வைத்தார். குரூப் போட்டோவில் ஒருவரை மட்டும் திருப்ப வழியில்லாததால், கோப்பையோடு நின்ற சித்தப்பாவும் சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு எங்கள் ஊர் ஏரிக்கரைத் திடலில் போட்டி. கடைசி ஆட்டம் எங்களுக்கும் அரியலூருக்கும் என்று ஆகிவிட்டது. கால் நன்றாகத் தேறட்டும் என்று ஆலைக்காரர்கள் அதுவரை சின்னதுரையை எந்த ஆட்டத்திலும் இறக்கவில்லை. இந்த ஆட்டத்தில் இறக்கப்போகிறார்கள் என்று சேதி வந்ததும் எல்லோரும் அவரவர் கட்சிக்கு ஏற்றபடி பேசிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் திடீரென்று தலையைத் தடவினார்.

"ஏன்டா, அவன் இன்னும் ஒரு கோலும் போடலல்ல? நாளைக்கி நமக்கே போட்டுட்டான்னா?"

சித்தப்பா எகிறிக் குதித்தார். வேண்டுதல் நம் கிளப்புக்காக அவன் போடும் கோலுக்குத்தான், எதிராளிக்காகப் போட்டால் செல்லாது என்றார். கடைசியில் எல்லோருமாகப் பூசாரியிடம் போனார்கள். அவர் நிதானமாக வெற்றிலையை மென்றுவிட்டு, "நேந்துக்கிட்டப்ப எந்தக் கம்பம்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். "அப்ப எந்தக் கம்பத்துல போட்டாலும் கோலுதான். ஆத்தாளுக்கு அரியலூரு, பெரம்பலூருன்னு பேதமா இருக்கு?"

ஆக, தீர்ப்பு ஆகிவிட்டது. சின்னதுரை கோல் போட்டால் கோப்பையும் போகும், முடியும் போகும். ஊர்ப்பிள்ளைகள் முன்னால் மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. நான் யாருக்கும் தெரியாமல் கோவிலுக்குப் போய், சின்னதுரைக்குக் கால் வலிக்கக் கூடாது, ஆனால் கோலும் விழக்கூடாது என்று தெளிவாக, விவரமாக வேண்டிக்கொண்டேன். அப்பா செய்த தவறை நான் செய்யவில்லை.

ஆட்டத்தன்று சித்தப்பா கட்சிக்காரர்கள் அடித்தொண்டையில் கத்தத் தயாராக வந்திருந்தார்கள். சின்னதுரை பூட்ஸ் காலோடு திடலில் இறங்கியதும் "துரோகி" என்று சத்தம் எழுந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் பந்து முதல்முறை அவர் காலுக்கு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. துரோகி என்று கத்திய அதே வாய்கள், பழக்க தோஷத்தில், "அடி சின்னத்தொர!" என்று ஒரே குரலில் கத்திவிட்டன. கத்தியவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அடுத்த தடவையும் அதேதான். வாய்க்கு யார் கட்சி சொல்லிக்கொடுப்பது?

இரண்டு பக்கமும் கோல் விழாமலே பொழுது சாய்ந்தது. சின்னதுரை அடித்த பந்துகளைச் சித்தப்பா பாய்ந்து பாய்ந்து பிடித்தார். பிடித்த பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பார். அவர் தரையைப் பார்ப்பார். நான் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரெஃப்ரி வாட்சைப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் பந்து சின்னதுரையிடம் வந்தது. வலது காலால் நிறுத்தினார். எதையோ மறந்தவர்போல நின்றார். இந்த முறை யாரும் கத்தவில்லை. கூட இருந்த காலமெல்லாம் அந்த நிற்றலைப் பார்த்த சித்தப்பாவே ஏமாந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். பந்து மறுபக்கமாகக் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே வந்து என் காலடியில் விழுந்தது.

அரியலூர்க்காரர்கள் குதிப்பது மட்டும் கேட்டது. சின்னதுரை குதிக்கவில்லை, குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டோரத்தில் ஒரு ஆள் கை தட்டினார். அப்பா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கடித்துக்கூட வைத்திருப்பேன். அவரைப் பார்த்து இன்னொருவர் தட்டினார். கொஞ்ச நேரத்தில், கோப்பையைப் பறிகொடுத்த ஒரு ஊர் மொத்தமும் நின்றுகொண்டு கை தட்டியது. சித்தப்பா மட்டும் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோவில் வாசலில் கிளப் முழுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அரியலூர் பஸ்ஸிலிருந்து சின்னதுரை இறங்கி ஓடிவந்தார். கையில் தேங்காய், பழம். அப்பாவிடம், "என் காலுக்கு நேந்துக்கிட்ட முடிண்ணே. நான் ஒக்காராம நீங்க எப்புடி ஒக்காரலாம்?" என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தார். அது சித்தப்பாவுக்குப் பக்கத்து இடம். சித்தப்பா கோபுரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்த சின்னதுரை, "பாப்பாவுக்குப் பூமுடி போதுங்க பூசாரி" என்று எவ்வளவோ கெஞ்சினார். பூசாரி அசையவில்லை. நான் போட்ட கூச்சலில் கோவில் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. அம்மா என் தலையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, காரியம் முடிந்தது.

எல்லோருக்கும் முடிந்ததும் சந்தனம் கரைத்துக் கொடுத்தார்கள். ஒருவர் தலைக்கு ஒருவர் பூசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கையிலும் கொஞ்சம் சந்தனம் இருந்தது. பக்கத்தில் சின்னதுரையின் மொட்டை. பூசுவதா வேண்டாமா என்று சித்தப்பா கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்க்காததுபோலப் பார்த்தோம். சித்தப்பா மெதுவாகக் குனிந்து, சின்னதுரையின் வேட்டியை முழங்கால் வரை ஒதுக்கி, எலும்பு கூடிய இடத்தில் கொஞ்சம் மேடாக இருந்த தழும்பில் அந்தச் சந்தனத்தைப் பூசினார்.

"வலிக்கிதாடா?"

"மழ வந்தா வலிக்கும்டா."

அவ்வளவுதான் பேசினார்கள். அப்புறம் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல அழ ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. முடி போன துக்கம் எனக்கு மட்டுமில்லை, பெரியவர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்று, வழுவழுவென்றிருந்த இரண்டு தலைகளையும் தடவிக் கொடுத்து, "அழுவாதீங்க, சீக்கிரம் மொளச்சிரும்" என்று சொன்னேன். நல்லபடியாகத்தான் சொன்னேன். அதைக் கேட்டு இருவரும் ஏன் என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.