என் பன்றிகளும் ஊர்க் கொசுவலையும்

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு மூளைக்காய்ச்சல் என்று சென்னையில் டாக்டர் சொன்னார். அவள் கண் திறந்தாளா இல்லையா என்ற செய்தி வருவதற்கு முன்பே 'பன்னி' என்ற ஒரே சொல் எங்கள் குப்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பன்றியிடமிருந்து கொசுவுக்கு, கொசுவிடமிருந்து பிள்ளைக்கு. ஊரில் பன்றி வளர்ப்பவள் நான் ஒருத்திதான். அப்புறம் கேட்கவா வேண்டும்?

நாங்கள் மீன் பிடிக்கிறவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். வீட்டுக்குப் பின்னால் நான் பன்றி வளர்க்கிறேன். என் கையில் என்று இருக்கிற ஒரே பிழைப்பு அது. கிறிஸ்துமஸ் வந்தால் தூக்குச்சட்டியோடு கறி கேட்டு நிற்பவர்களில் பாதிப் பேர் இந்தக் குப்பத்து ஆட்கள்தான். அப்போதெல்லாம் பன்றி யாருக்கும் கசந்ததில்லை.

அந்தச் சிறுமியின் அம்மா என் தோழி. மீன் கூடையோடு பொன்னேரிக்குப் போகிற நாள்களில் மகளை என்னிடம்தான் விட்டுப் போவாள். வலிப்பு வந்தபோது ஆட்டோவில் அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனவள் நான். என் கொட்டகையிலிருந்துதான் நோய் போயிருக்குமோ? சுகாதார நர்ஸிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

நர்ஸ் எதையும் ஒளிக்கவில்லை. கிருமி ஏரியில் நிற்கிற கொக்கிலும் நாரையிலும் இருக்கும், பன்றி உடம்பில் பெருகும், வயல் தண்ணீரில் பிறக்கிற கொசு அதை எடுத்துவந்து மனிதர்களுக்குக் கொடுக்கும் என்றாள். பன்றியைப் பார்த்தால் நோய் தெரியாதாம். சினையாக இருந்தால் குட்டி செத்துப் பிறக்குமாம். மழைக்காலத்தில் என் தாய்ப்பன்றி போட்ட குட்டிகளில் ஒன்றுகூட மூச்சு விடவில்லை. தீனிக் கோளாறு என்று நினைத்து ஒவ்வொன்றாகப் புதைத்தேன். அதற்காக யாரும் ஊரைக் கூட்டவில்லை.

"கொட்டகைய வீடுங்கள்ல இருந்து தள்ளிப் போட்டுடுங்க. ராத்திரி எல்லாரும் கொசுவலைக்குள்ள படுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் ஏரிக்கரையில் பஞ்சாயத்து. பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. குற்றவாளி என்றால் மட்டும் இடம் உண்டு போலிருக்கிறது. மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சிறுமியின் அப்பாவும் அங்கே நின்றான்.

"ஒன் பன்னியாலதான் எம்பொண்ணு கண்ணத் தொறக்காம கெடக்குறா" என்று கத்தினான்.

ஊர்த் தலைவர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்கே பன்னிங்கள வித்துடு. முடியாதுன்னா ஊட்ட காலி பண்ணு."

"தள்ளிக் கட்டுறேன் தலைவரே, நாளைக்கே கட்டுறேன். விக்க மாட்டேன். ஊட்டயும் உட மாட்டேன். ஏரில நிக்கிற கொக்க இன்னா பண்ணப் போறீங்க? காட்டூர் வயலயும் காலி பண்ணச் சொல்வீங்களா?"

"வாயப் பாரு இவளுக்கு" என்றது ஒரு குரல்.

"இன்னொன்னும் கேக்குறேன். முகாம் போட்டு ஊட்டுக்கு ஊடு கொசுவலை குடுத்தாங்களே, அதெல்லாம் எங்க கீது?"

எல்லார் கண்ணும் ஏரிப் பக்கம் போயிற்று. கொசு நுழையாத கண்ணியில் கூனியும் தப்பாது. பொடி இறாலைத்தான் கூனி என்போம். கையில் வலையைக் கொடுத்தால் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ள இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்? கழியில் கட்டி ஏரியில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. எங்களுக்குத்தான் மீன் பிடிக்கத் தெரியாதே.

ஏரியில் நின்ற வலைகளில் நீல வலை சிறுமியின் அப்பாவுடையது. அவன் அதைக் கட்டும்போது நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் போதும், அங்கேயே ஜெயித்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. நல்ல மனசுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அவன்மேல் எனக்குக் கொலைவெறி. ஆனால் சபையில் அதைச் சொன்னால், பெற்ற பிள்ளையைவிடக் கூனி பெரிதாகப் போயிற்றா என்று ஊர் என் தோழியைக் காலமெல்லாம் கேட்கும். அவளோ மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லை விழுங்கிவிட்டேன்.

விழுங்கியது உள்ளே நிற்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். கைக்கு எட்டிய முதல் வலையைக் கழியோடு பிடுங்கினேன்.

"ஏய், அது எங்க வலை!" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஒம்புள்ளைக்குத்தான் புடுங்குறேன், புடி!" என்று கரையில் வீசினேன். அடுத்ததையும் பிடுங்கினேன். நீல வலையை மட்டும் தொடாமல் சுற்றிப் போனேன்.

பின்னால் தண்ணீர் சளசளத்தது. சிறுமியின் அப்பா இறங்கி வந்துகொண்டிருந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று கையிலிருந்த கழியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். நீல வலையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தான். கூனி கொட்டக் கொட்ட வலையை மார்போடு அள்ளிக்கொண்டு கரையேறி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு என் வீட்டைக் காலி பண்ணுகிற பேச்சைத் தலைவர் எடுக்கவில்லை.

சொன்னபடி பன்றிகளைச் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். கழுநீர் வாளியோடு ஊர் நடுவே நடந்துதான் போய் வருகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும், கழுத்து வலி அவர்களுக்குத்தான்.

சிறுமி பிழைத்து வந்தாள். ஒரு கால் இழுக்கிறது, பேச்சும் மெதுவாகத்தான் வருகிறது. அவளுடைய கட்டிலுக்கு வலை கட்டித் தரச் சொல்லித் தோழி என்னைக் கூப்பிட்டாள். எத்தனையோ தடவை துவைத்துக் காயப்போட்ட நீல வலை. அவள் அப்பா வாசலில் நின்றிருந்தான், உள்ளே வரவில்லை. நாலு மூலையும் கட்டி முடித்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினேன்.

"பெரிமா... வலை... கவிச்சி அடிக்குது" என்றாள் பிள்ளை, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

தோழி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடிக்கட்டும்டி" என்றேன். "உள்ளயே படு."