ஆண் வாத்து இல்லாத வீடு

எங்கள் வீட்டில் ஆண் வாத்து வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் நடந்தது. வேண்டும் என்றது அம்மா, வேண்டாம் என்றது அப்பா. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. என்னைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை, நானாகவே போய் நின்றேன்.

வாத்துகளை வாங்கி வந்ததே அப்பாதான். மலையடிவாரத்துக் காரவள்ளியில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் குஞ்சுகளாக வாங்கி, கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி பஸ்ஸில் ஏற்றினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஏழு குஞ்சுகளும் ஒரு பக்கமாகச் சரிந்து கத்தின. நானும் சரிந்தேன். கத்தவில்லை, வாந்திதான் எடுத்தேன். ஆனாலும் செம்மேட்டில் இறங்கி, குண்டனி நாட்டில் இருக்கும் எங்கள் ஊர் வரும்வரைக்கும் கூடையை யாரிடமும் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. வேலி புதிது. அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு பலாமரம் இருந்தது. தாத்தா வைத்த மரம், இரண்டு வீட்டுக்கும் பொது. பெரியப்பா புது வீடு கட்டியபோது வாசக்காலுக்கென்று அதை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டார். அப்பா கோபத்தில் முள்வேலி போட்டார், புதுமனை புகுவிழாவுக்கும் போகவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினால் ஒருவர் முன்னால் உட்காருவார், ஒருவர் பின்னால் உட்காருவார். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து, ஒன்றாக வாத்து மேய்த்தவர்கள் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குஞ்சுகள் வளர்ந்து தொண்டை உடைந்து குரல் மாறியதும் எது ஆண், எது பெட்டை என்று அப்பா தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார்.

"தொண்ட கட்டுனவனாட்டம் பேசறதெல்லாம் ஆம்பள. ஊரையே கூப்புடறது பொட்ட."

வாலைக் காட்டினார். ஆணுக்கு வால் மேல் ஓர் இறகு சுருண்டு நிற்கும். எண்ணிப் பார்த்தால் மூன்று பெட்டைக்கு நான்கு ஆண்கள். பெட்டைகளின் பாடு பெரும்பாடாகிவிட்டது. நான்கும் மாற்றி மாற்றித் துரத்தின. ஓடையில் இறங்கினால் ஒன்றின் தலையை நீருக்குள் அமுக்கின. ஒரு பெட்டைக்குப் பின்கழுத்தில் இறகே இல்லாமல் தோல் தெரிந்தது. நான் கரையில் நின்று கல் விட்டெறிந்து களைத்தேன்.

அம்மா போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள். "அஞ்சாறு பொட்டைக்கு ஒரு ஆம்பள போதுமாமுங்க. மூணக் குடுத்துப்போட்டு ஒண்ண வெச்சுக்கலாம்."

"ஒண்ணும் வேண்டாம். முட்ட போடறதுக்கு ஆம்பள எதுக்கு? அது இல்லாட்டியும் போடும்."

"முட்ட மட்டும் போதுமாங்க? குஞ்சு பொரிக்க வேண்டாமா?"

"அத அப்பறம் பாத்துக்கலாம்."

அம்மா விடவில்லை. சோறு போடும்போதும் கேட்டாள், மிளகு காயவைக்கும்போதும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அப்பா தலையாட்டினார். செம்மேட்டுச் சந்தை நாள் காலையில் நான்கு ஆண்களையும் பிடித்துவிட்டார். அதில் பச்சைத் தலையும் வெள்ளைக் கழுத்து வளையமுமாக இருந்ததற்கு நான் கீச்சான் என்று பேர் வைத்திருந்தேன். அது என் கையில் அரிசி தின்னும். நான் அதைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இத மட்டும் உட்டுட்டுப் போங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார், வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கீச்சானையும் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் எனக்கென்று வாங்கி வந்த வறுக்கி ரொட்டியை நான் தொடவில்லை.

பெட்டைகளுக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. கழுத்தில் இறகு முளைத்தது. சேற்றில் நிம்மதியாக மேய்ந்து, விடிந்தால் ஆளுக்கொரு முட்டை வைத்தன. அப்போதுதான் எங்கள் கறுப்புக்கோழி அடைக்கு உட்கார்ந்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. ஆம்பள இல்லாம இந்த முட்டைய வெச்சா அத்தனையும் கூமுட்டதான். குஞ்சுக்கு எங்க போறது?"

அப்பா வாதாடவே இல்லை. எழுந்து போய் முகம் கழுவினார். துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டார். தலைகூட வாரினார். "வா கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செம்மேட்டுக்குத்தான் போகிறோம், கீச்சானைத் திரும்ப வாங்கப் போகிறோம் என்று நினைத்துத் துள்ளினேன். அப்பா வேலி வரைக்கும்தான் போனார். வேலி வரைக்கும் போக யாராவது சட்டை மாற்றுவார்களா?

அந்தப் பக்கம் பெரியப்பா காப்பிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் காலடியில் அவர் வீட்டு வாத்துகள், நடுவே ஒரு பெரிய ஆண். அப்பா இருமினார். பெரியப்பா நிமிரவில்லை. இன்னொரு தடவை இருமினார். என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததில் எனக்கு விரல் வலித்தது.

"அண்ணா... எங்கூட்டு வாத்துக்கு ஆம்பள இல்லீங்க."

பெரியப்பா கொட்டையைத் துழாவிக்கொண்டே இருந்தார். கை மட்டும் ஒரே இடத்தில் துழாவியது.

"நாலு இருந்துச்சேடா."

"சந்தைக்குக் குடுத்துட்டனுங்க."

"நாலையுமா?"

"நாலையுமுங்க."

பெரியப்பா அப்போதுதான் நிமிர்ந்து அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார். அவ்வளவு நேரம் எதைப் பார்க்கிறார் என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். அப்பா வாரிய தலையையே கையால் மறுபடி வாரிக்கொண்டிருந்தார்.

"இதத் தனியாப் புடிச்சுக் குடுத்தா ஏங்கிப்போயிரும்" என்றார் பெரியப்பா. "உன்றதுகள இங்க ஓட்டியுடு." பிறகு வேலியைக் காட்டி, "எப்புடி வரும்? முள்ளுல?"

அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் அரிவாளோடு வந்தார். பெரியப்பாவும் தன் அரிவாளை எடுத்தார். இரண்டு பக்கமிருந்தும் முள்ளை வெட்டினார்கள். வாத்து நுழைய ஒரு சாண் இடைவெளி போதும். அவர்கள் வெட்டிய இடைவெளியில் எருமை நுழையலாம். பெரியம்மா ஒரு சொம்பில் காப்பியோடு வந்து நின்றபோது அம்மாவும் வந்துவிட்டாள். மரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பெட்டைகள் அந்தப் பெரிய ஆணோடு சேர்ந்து திரிந்த பிறகு போட்ட முட்டைகளை எடுத்து அம்மா அடை வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார். கதவைச் சாத்தி அறையை இருட்டாக்கி, அப்பா போன் வெளிச்சத்தைப் பிடிக்க, பெரியப்பா ஒவ்வொரு முட்டையாக அதன் மேல் வைத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு நூல் போல நரம்பு ஓடியது. "கரு புடிச்சிருக்குதுடா!" என்று பெரியப்பா கத்த, அப்பா சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. அவை ஓடையில் இறங்கிய அன்று கறுப்புக்கோழி கரையில் நின்று கதறிய கதறலைக் கேட்க இரண்டு வீடும் வந்து நின்றது.

அவை வளர்ந்து தொண்டை உடைந்ததும் அப்பா மறுபடியும் கூடையை எடுத்தார். மறுபடியும் எல்லா ஆண்களையும் பிடித்தார். இந்தத் தடவை அம்மா எதிர்க்கவில்லை, கூடைக்கு மேல் துண்டைக் கட்டிக் கொடுத்தாள். எனக்கோ வெட்கமாக இருந்தது. ஒரு தடவை பட்டும் மனிதருக்குப் புத்தி வரவில்லையே!

மனம் பொறுக்காமல் வேலி இடைவெளி வழியாக ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் முறையிட்டேன்.

"பெரிம்மா, எங்கப்பாவுக்கு வாத்து வளக்கவே தெரியல."

பெரியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆமாஞ் சாமி, தெரியாதுதான்" என்று ஒரு பலாச்சுளையை எடுத்து என் வாயில் வைத்தாள்.

ஊரில் விவரம் தெரிந்த இன்னோர் ஆளும் இருக்கிறார் என்ற திருப்தியோடு நான் வீட்டுக்குத் திரும்பினேன்.